மூக்குச் சித்தியும் மாட்டுக் கொழுப்பும்

உலகத்து மோப்ப நாய்கள் எல்லாம் வரிசையில் நின்று மூக்குச் சித்தியிடம் பாடம் படிக்க வேண்டும். ஃபேஸ்வாஷ் ஆலையில், நுரை வரச் சேர்ப்பதற்காக வந்திறங்கும் எண்ணெய்ச் சரக்கை உள்ளங்கையில் சூடு பறக்கத் தேய்த்து முகர்ந்து, சரியென்றால் கையெழுத்துப் போடுவதுதான் பதினோரு வருடமாக அவள் வேலை.

நேற்று, 'தாவர எண்ணெய் மட்டும்' என்று லேபிள் ஒட்டிய டிரம்மை முகர்ந்ததும் முகம் சுளித்தாள்.

"சார், இதுல மாட்டுக் கொழுப்பு இருக்கு."

"ரோஜா சென்ட் ஊத்தினா எவனுக்குத் தெரியும்? கையெழுத்தப் போடு!" மேலாளர் சீறினார்.

"லேபிள மாத்துங்க, போடுறேன்."

"கொழுப்பு உனக்குத்தான். நாளையிலருந்து வராத!"

சித்தி அங்கியைக் கழற்றி அவர் மூஞ்சியில் விட்டெறிந்தாள்.

பின்னால் நின்று இந்த வரியைப் படித்த சித்தி, எழுதிக்கொண்டிருந்த அக்கா மகளின் காதைத் திருகினாள்.

"எங்கடி எறிஞ்சேன்? மடிச்சு மேஜைமேல வெச்சுட்டுத்தானே வந்தேன்! பொய் லேபிள் வேணாம்னு சொல்லித்தான் வேலையே போச்சு. நீ என் மேலயே ஒண்ணு ஒட்டுறியா?"