பயந்துகொண்டே போன கம்பவுண்டர்

தேவாலாவிலிருந்து போன் வந்ததும், "யானையா?" என்றுதான் கேட்டேன்.

"இல்ல டீச்சர். மத்தியானம் சாப்பிட்டுப் படுத்தாரு. எழும்பல," என்றார் கம்பவுண்டர் பெரியநாயகத்தின் மனைவி. அந்த நிலையிலும் எனக்கு ஒரு கணம் மூச்சு சீரானது.

அவரை அறிந்தவர்களுக்கு என் கேள்வி புரியும். தேயிலை விலை விழுந்து தேவாலா எஸ்டேட்டை மூடியபோது அவருடைய டிஸ்பென்சரியும் மூடப்பட்டது. கொழுந்து பறிக்க ஆளில்லாமல் செடிகள் தலைக்கு மேல் வளர்ந்தன. பக்கத்து வரிசையில் யானை நின்றாலும் தெரியாது. லயத்துக் குடியிருப்பில் இருந்த தொழிலாளர்கள் தண்ணீருக்குப் போகவே அஞ்சிய அந்தத் தோட்டத்துக்குள், பழைய கேமராவோடு பறவைகளைப் படமெடுக்கப் போனார் அவர். அப்போது அங்கே டீச்சராக இருந்த நானும் பள்ளி விடுமுறையில் சேர்ந்துகொள்வேன்.

அவர் தைரியசாலி இல்லை. சருகு அசைந்தால் நின்றுவிடுவார். கை நடுங்கிப் பாதிப் படங்கள் கலங்கிப்போகும். "பயந்துக்கிட்டே போவோம் டீச்சர். ஊட்டுக்குள்ள இருந்தா வேற பயமெல்லாம் வருது," என்பார். வேலை போன அந்த வருடங்களில், அது என்ன பயம் என்று யாரும் கேட்க வேண்டியிருக்கவில்லை.

ஒரு மாசி மாதக் காலை. தோட்டத்து ஓரத்தில், அடைகாக்க மரப்பொந்துக்குள் அடைபட்டிருந்த பெட்டைக்கு ஆண் இருவாச்சிப் பறவை அத்திப்பழம் ஊட்டிக்கொண்டிருந்தது. அண்ணாந்தபடியே பின்னால் நகர்ந்த நான், செடிகளுக்கு இடையே வெட்டியிருந்த வடிகால் கானுக்குள் விழுந்தேன். கணுக்கால் பிசகிவிட்டது. எழ முயன்றபோது அருகே கிளை முறியும் சத்தம் கேட்டது. குட்டியோடு ஒரு பெண் யானை. காதுகளை விரித்து என்னையே பார்த்தது.

"ஓடுங்கண்ணே," என்றேன்.

அவர் ஓடவில்லை. எனக்கு முன்னால் வந்து நின்று, யானையைப் பார்த்துப் பேச ஆரம்பித்தார். "அம்மா, புள்ளைய ஒண்ணும் செய்யமாட்டோம். இந்தா, போயிர்றோம்." சொற்கள் நடுங்கின, கால்சட்டை நனைந்திருந்தது. யானை இரண்டடி முன்னால் வந்தது. அதன் மூச்சு எனக்குக் கேட்டது. பிறகு குட்டியைத் தும்பிக்கையால் தள்ளிக்கொண்டு செடிகளுக்குள் போய்விட்டது.

என்னைத் தாங்கியபடி கீழே இறங்கும்போது வழியில் வாந்தி எடுத்தார். ஏன் ஓடவில்லை என்று கேட்டேன்.

"ஓடத்தான் பார்த்தேன் டீச்சர். காலு வரல."

கடைசிவரை எல்லோரிடமும் அப்படித்தான் சொல்லிவந்தார். யானை வந்தபோது அவர் மரத்தடியில், எனக்கு எட்டாத தூரத்தில் நின்றிருந்தார். அங்கிருந்து அவர் என்னிடம் நடந்து வந்ததை நான் பார்த்தேன். அவருடையது என்று என்னிடம் இருப்பது அந்த நடைதான்.