ஐம்பது வயதில் காதுகுத்து

பர்மாவில், பசுந்தாங் சந்தையில் கருவாட்டு மூட்டையை இறக்கும்போது அதன் கயிறு என் வலது காதுப் பாம்படத்தில் மாட்டி இழுத்தது. தோள்வரை தொங்கிய காது அறுந்துபோயிற்று. மஞ்சளை அப்பிக்கொண்டு வியாபாரத்தைப் பார்த்தேன். நீங்கள் அப்படிச் செய்யாதீர்கள். காய்ச்சல் கண்டு கழுத்து வீங்கிய பிறகுதான் மகள் மரகதம் என்னை ஆஸ்பத்திரிக்கு இழுத்துப் போனாள்.

சீழ்க்கட்டு (உள்ளே சீழ் கோத்த வீக்கம்) என்றார் தமிழ் டாக்டர். "கீழ்ச்சதை அழுகிப்போச்சும்மா. அதை எடுத்துட்டு மிச்சத்தைக் குட்டையா வச்சுத் தைக்கணும்."

மரகதம் முந்திக்கொண்டாள். "அப்படியே அந்த இடது காதையும் வெட்டித் தச்சிருங்க டாக்டர். இப்ப எல்லாரும் தொங்குற காதை வெட்டிக் குட்டையாக்கிக்கிறாங்க."

தை பிறந்ததும் கியாக்டடா பேட்டையிலிருந்து அவளைப் பெண் பார்க்க வரவிருந்தார்கள். என் காதைப் பார்த்துப் பட்டிக்காடு என்பார்களோ என்று அவளுக்குப் பயம். எனக்கும் இருந்தது. ஆனால் இடது காது என்ன பாவம் செய்தது?

"சீக்கு வந்ததை எடுங்கய்யா. நல்லா இருக்கிறதை ஏன் தொடணும்?" என்றேன். மரகதம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

குளோரோபாரம் (முகர்ந்தால் மயங்கவைக்கும் மருந்து) கொடுத்து அறுத்தார்கள். கட்டுப் பிரித்த அன்று கண்ணாடியைப் பார்த்து அழுதேன். பாரமில்லாத வலப்பக்கம் யாருடையதோ போலிருந்தது. பிறகு நினைத்தேன், இத்தனை வருஷம் எனக்காகப் பொன்னைச் சுமந்த காது, அதையா வெறுப்பது? எண்ணெய் தொட்டு மெல்ல நீவிக்கொடுத்தேன்.

முக்காடு போட்டுச் சந்தைக்குப் போனேன். வேர்த்துக் கொட்டவே எடுத்துவிட்டேன். பக்கத்துக் கடை பர்மாக்காரி மா செய்ன், "அக்கா, இன்னொண்ணு எங்க?" என்றாள்.

"அதுக்கு ஓய்வு குடுத்துட்டேன்" என்றேன்.

புண் ஆறியதும், குட்டைக் காதில் தோடு போட ஆசாரியை வரவழைத்தேன். காது குத்தத் தாய்மாமன் மடி வேண்டும். எனக்கு மாமன் யாரும் உயிரோடில்லை. அதைச் சொல்லிச் சிரித்தேன். அதுவரை முகங்கொடுத்துப் பேசாத மரகதம் வந்து சம்மணம் போட்டு உட்கார்ந்தாள்.

"தலையை வைம்மா."

அவள் கையில் தன் சின்ன வயதுத் தோடு ஒன்று இருந்தது.

தையில் வந்தவர்கள் முன்னால் முக்காடில்லாமல்தான் உட்கார்ந்தேன். மாப்பிள்ளையின் அம்மா பாம்படத்தையும் தோட்டையும் மாறி மாறிப் பார்த்தார். நான் வாய் திறக்குமுன் மரகதம் சொன்னாள்.

"எங்கம்மாவுக்கு இடது காதுக்கு அம்பது வயசு. வலது காது இப்பத்தான் பிறந்திருக்கு."

நான் தலையை இப்படியும் அப்படியும் திருப்பி, இரண்டையும் நன்றாகக் காட்டினேன்.