சிவப்புத் துணி கட்டிய குச்சி

மழை பிடித்தால் முனீஸ் அண்ணன் நேராக வீட்டுக்கு வரமாட்டார். எங்கள் லைன் வீட்டில் அடுத்த கதவு அவருடையது. விருதுநகர்ப் பக்கத்துக் கரிசல் ஊர்க்காரர். பனியன் கம்பெனியில் அயர்ன் மாஸ்டர். துணி பேக் செய்கிற கண்ணாடிக் கவருக்குள் போனைப் போட்டுக்கொண்டு தெருத்தெருவாகப் போட்டோ எடுப்பார். டயர் முங்கிய கம்பெனி வேன், தலையில் கவர் மாட்டிய பெண்கள், சாக்கடையும் ரோடும் ஒன்றான சந்து. அவர் எடுத்தால் எங்கள் தெருகூட அழகாக இருக்கும். அதை ஸ்டேட்டஸில் வைப்பார்.

முனை டீக்கடை அங்கமுத்து அவரைச் சும்மா விடமாட்டார்.

"ஏனுங்க முனீசு, எங்கூரு மழையைப் புடிச்சு உங்கூருக்குப் பார்சல் போடறீங்களாட்ட இருக்குது?"

"அங்க வெயிலு ஏகமா கெடக்குண்ணே. மாத்திக்கிருவமா?"

போன வருடம் கடைக்கு எதிரே சாக்கடையை மூடியிருந்த கல் உடைந்தது. தண்ணீர் நின்றால் குழி தெரியாது. எங்கள் பக்கத்தில் இதற்கெல்லாம் போர்டு வைக்கமாட்டார்கள். பனியன் வெட்டி மிஞ்சிய வேஸ்ட் துணியில் சிவப்பாகப் பார்த்து எடுத்து ஒரு குச்சியில் கட்டி நிறுத்துவார்கள். சிவப்பு தெரிந்தால் ஒதுங்கி நடப்போம். அங்கமுத்துவும் பெயிண்ட் டப்பாவில் மணலை நிரப்பி, அப்படி ஒரு குச்சியை நட்டுக் குழியை ஒட்டி வைத்தார்.

ஒரு சாயங்காலம் மழை கொஞ்சம் விட்டது. கடைக்குப் படுதாவை இறக்கிவிட்டு அங்கமுத்து உள்ளே இருந்தார். முனீஸ் அண்ணன் குச்சியை ஒரு படம் எடுத்தார். அந்த இடம் இருட்டு. தண்ணீரில் சிவப்பின் நிழல் விழவில்லை. டப்பாவைத் தூக்கி, தெருவிளக்கு வெளிச்சம் விழுகிற ரோட்டு நடுவில் வைத்து இன்னொன்று எடுத்தார். அதற்குள் மழை கொட்டியது. படம் தெளிவாக விழக் கவரிலிருந்து வெளியே எடுத்திருந்த போன் நனையாமல் இருக்க வேண்டுமே என்று ஓடிவிட்டார். டப்பா அங்கேயே நின்றது.

பிறகு எங்கள் கம்பெனி வேன் வந்தது. செக்கிங்கில் என் டேபிளில் வேலை பார்க்கும் மயிலாத்தாள் அக்கா எனக்கு முன்னால் நடந்தார். சிவப்பைப் பார்த்தார். எப்போதும் போல ஓரமாக ஒதுங்கினார். அங்கேதான் குழி. சத்தம்கூட வரவில்லை. ரோடு தாண்டி, சாக்கடை திரும்புகிற இடத்தில் எடுத்தார்கள். உயிர் இல்லை.

அவர் வீட்டுக்காரர் ஆத்தப்பன் டீக்கடைக்கு வந்து அங்கமுத்துவின் சட்டையைப் பிடித்தார்.

"ஏனுங்க, கண்ணு தெரிஞ்சுதானுங்க நட்டீங்க?"

"கல்லை ஒட்டித்தானுங்க சாமி வெச்சேன்."

யாரும் நம்பவில்லை. டப்பா ரோட்டு நடுவில் நின்றதை எல்லோரும் பார்த்திருந்தார்கள். மறுநாளிலிருந்து அந்தக் கடையில் டீ குடிக்க ஆள் நிற்கவில்லை. முனீஸ் அண்ணன் அந்தக் குச்சிப் படத்தை வைத்திருந்த ஸ்டேட்டஸும் காணாமல் போயிற்று.

எங்கள் இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒற்றைக்கல் சுவர். அவர் மனைவி நாகஜோதியின் குரல் கேட்டது.

"அழிச்சிட்டா ஆச்சா? நான் பாத்தேன்ல."

"ஜெயிலுக்குப் போயிட்டா நீ என்னடி செய்வ?"

"டைலர் வேலை தெரியும், பொழச்சுக்கிருவேன். அந்த டீக்கடைக்காரரு என்ன செய்வாரு?"

கருமாதி முடிந்ததும் முனீஸ் அண்ணன் ஆத்தப்பன் வீட்டுக்குப் போனார். நாகஜோதி என்னையும் துணைக்குக் கூப்பிட்டாள். முனீஸ் அண்ணன் போனை நீட்டினார். ஆத்தப்பன் இரண்டு படத்தையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். ஒன்றில் குச்சி உடைந்த கல்லை ஒட்டி, இன்னொன்றில் ரோட்டு நடுவில்.

"நாந்தாண்ணே நகட்டுனேன். படம் நல்லா வரணும்னு."

ஆத்தப்பன் மறுபடியும் ரோட்டு நடுப் படத்தைப் பார்த்தார்.

"நல்லாத்தானுங்க வந்திருக்குது" என்றார். பிறகு போனைத் திருப்பிக் கொடுத்தார். "எங்கிட்டச் சொன்னது பத்தாதுங்க. அங்கமுத்து கடை முன்னால நின்னு சொல்லுங்க. நான் சட்டையைப் புடிச்சதை ஊரே பார்த்துச்சு."

ஷிப்ட் விடும் நேரத்தில் முனீஸ் அண்ணன் அங்கே நின்று சொன்னார். அங்கமுத்து டீ ஆற்றிக்கொண்டே கேட்டார். கேலி ஒன்றும் சொல்லவில்லை. முனீஸ் அண்ணன் அங்கிருந்தே ஸ்டேஷனுக்குப் போனார். கேஸ் இன்னும் நடக்கிறது.

புதிதாகப் போட்ட கல்லை ஒரு லாரி உடைத்துவிட்டது. இந்த மழைக்கும் குழி திறந்துதான் கிடக்கிறது. குச்சி நட்டால் இப்போது எங்கள் தெருவில் யாரும் நம்புவதில்லை. அதனால் வேன்கள் வரும் நேரத்தில் முனீஸ் அண்ணனே குழியோரம் முழங்கால் தண்ணீரில் நிற்கிறார். கையில் போன் இல்லை. சிவப்பு வேஸ்ட் துணியைத் தூக்கிப் பிடித்திருக்கிறார்.

ஆத்தப்பனும் அந்த வழியாகத்தான் போவார். முனீஸ் அண்ணன் முகத்தைப் பார்க்கமாட்டார். துணியை மட்டும் பார்த்து ஒதுங்கிப் போவார்.