நாய் கவ்விய கால்

ஆஸ்திரேலியாவில் எங்கள் லாங்ரீச் ஊரில் கோர்ட் காகிதங்களை உரியவரிடம் கொண்டுபோய்ச் சேர்ப்பது நோலீனின் பிழைப்பு. அவள் கார் நின்றாலே கதவுகள் சாத்திக்கொள்ளும். பண்ணைக்காரன் டெஸ்மண்டிடம் போனபோது அவன் நாயையே அவிழ்த்துவிட்டான். அது அவள் காலைக் கவ்வியது. அவனோ கைகளைப் பைக்குள் திணித்துக்கொண்டு, "உன் காகிதத்த நான் தொடவே மாட்டேன். என்னடி பண்ணுவ?" என்று சிரித்தான்.

"தொட வேண்டாம். உன் பொண்டாட்டி விவாகரத்து கேட்டிருக்கா, இதான் மனு" என்று சொல்லி, ரத்தம் வழிய, அவன் பூட்ஸ்மேல் போட்டாள். சட்டப்படி அது போதும்.

மறுவாரம் அந்த வெட்கங்கெட்டவன் அவள் வாசலிலேயே வந்து நின்றான். "எங்கண்ணன்மேல வேலித் தகராறுல கேஸ் போட்டிருக்கேன். சம்மன் கொடுக்கணும். அவன் முரடன், எனக்குப் பயமா இருக்கு."

நோலீன் கட்டுப்போட்ட காலை நீட்டி வாசலை மறித்தாள்.

"அதான் நாய் வச்சிருக்கியே, அது வாயில குடுத்தனுப்பு."