நான்கு மணி நேரம் ஓடிய பாட்டு

அக்காவுக்கு வாரத்தில் மூன்று நாள் டயாலிசிஸ். ஒவ்வொரு முறையும் நான்கு மணி நேரம் படுத்திருக்க வேண்டும். அவளுடைய எம்பி3 பிளேயருக்கோ மூன்று மணி நேரத்துக்கு மேல் உயிர் கிடையாது. இந்த ஒரு மணி நேரப் பற்றாக்குறையைத் தீர்த்து வைக்கக் கிளம்பியவள் நான். எனக்கு அப்போது பதினொரு வயது. முந்திரிக்கொட்டை என்று அம்மா என்னைத் திட்டுவது வழக்கம். நான் அதைப் பாராட்டாகவே எடுத்துக்கொள்வேன்.

கட்டைவிரல் நீளமே உள்ள பிளேயர் அது. டிவி ரிமோட்டில் போடுகிற பென்சில் பேட்டரி ஒன்று போட வேண்டும். தீர்ந்தால் மாற்றிக்கொள்ள வேண்டியதுதானே என்று தோன்றும். மூடியைத் திறக்க இரண்டு கை வேண்டும். அக்காவின் இடது கை ஊசிகளோடு மெஷினுக்கு எழுதிக் கொடுத்தாகிவிட்டது. சிஸ்டரைக் கூப்பிட்டு மாற்றச் சொல்ல அவளுக்குக் கூச்சம். கடைசி ஒரு மணி நேரம் கூரையையே பார்த்துக்கொண்டு கிடப்பாள்.

பிளேயரில் இருந்தவை ஆறே ஆறு பாட்டுகள். எல்லாம் எங்கள் சர்ச் கொயர் ஒரு கிறிஸ்துமஸுக்குப் பாடியவை. மாமா ஆளுக்கொரு மைக்கெல்லாம் வைக்கவில்லை, இரண்டே மைக் வைத்துப் பதிவு செய்திருந்தார். அக்கா பாடிய கடைசி கிறிஸ்துமஸ் அது. அதற்குப் பிறகு நான்கு வரி சேர்ந்தாற்போல் பாட அவளுக்கு மூச்சு இல்லை.

சனிக்கிழமைகளில் செம்பாக்கத்திலிருந்து ஷேர் ஆட்டோவில் அம்மாவோடு நானும் ஆஸ்பத்திரிக்குப் போவேன். எங்களை உள்ளே விடமாட்டார்கள். கதவுக் கண்ணாடி வழியாகப் பார்ப்பேன். அக்கா எப்போதும் வலது காதில் மட்டும்தான் இயர்போனை மாட்டியிருப்பாள். இன்னொன்று கழுத்தோரம் தொங்கும். சிஸ்டர் கூப்பிட்டால் கேட்க வேண்டுமே, அதற்காகத்தான் என்று நானே முடிவு செய்துகொண்டேன்.

வேலையில் இறங்கினேன். முதலில் பிளேயரின் திரை வெளிச்சத்தை அணைத்தேன். பாட்டை அதிரவைக்கும் பேஸ் வசதியையும் நிறுத்தினேன். அரை மணி நேரம் கூடியது. போதவில்லை. பாட்டின் அளவு சிறிதானால் பேட்டரி இன்னும் கொஞ்சம் தாங்கும் என்று டப்பாவில் வந்த தாளில் போட்டிருந்தது. வீட்டுக் கம்ப்யூட்டரில் பாட்டைச் சுருக்கும் வசதியைத் தேடிப் பிடித்தேன். ஸ்டீரியோவா மோனோவா என்று கேட்டது. ஸ்டீரியோ என்றால் இரண்டு காதுக்கும் தனித்தனி ஒலி, மோனோ என்றால் இரண்டுக்கும் ஒரே ஒலி. ஒரு காதில் கேட்கிறவளுக்கு எதற்கு இரண்டு? பாதி தண்டம். மோனோவை அழுத்தினேன். பாட்டுகள் பாதியாகச் சுருங்கின. இடத்தை அடைக்கிறதே என்று பழையவற்றை அழித்தும்விட்டேன்.

அந்தச் சனிக்கிழமை கண்ணாடியில் மூக்கை அழுத்திக்கொண்டு நின்றேன். அக்கா வலது காதில் மாட்டினாள். உடனே எடுத்துப் பார்த்தாள். போர்வையில் துடைத்து மறுபடி மாட்டினாள். இடது காதில் வைத்துப் பார்த்தாள். பிறகு கண்ணை மூடிக்கொண்டாள். நான்கு மணி நேரமும் பிளேயரில் எரிந்த குட்டி விளக்கு அணையவே இல்லை. எனக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை.

திரும்பும்போது ஷேர் ஆட்டோவில் ஒரு மூச்சில் எல்லாவற்றையும் ஒப்பித்தேன். அக்கா கேட்டுக்கொண்டே வந்தாள்.

“பழைய பாட்டு கம்ப்யூட்டர்ல இருக்குல்ல?”

“இல்லக்கா, டெலீட் பண்ணிட்டேன். ரொம்ப இடம் அடைச்சுது.”

அவள் இயர்போன் வயரைப் பிளேயரில் சுற்றினாள். “பரவால்லடி. நல்லாதான் பண்ணியிருக்கே” என்றாள்.

இரண்டு வருடம் கழித்து அக்கா போய்விட்டாள். அவளுடைய முதல் வருட நினைவு ஜெபத்துக்கு வந்த மாமா அந்தப் பிளேயரை வாங்கிப் பாட்டைக் கேட்டார். வலது இயர்போனை மட்டும் காதில் வைத்தவர் முகம் மாறியது.

“என்னடி இது, எல்லாம் ஒண்ணா கலந்து கெடக்குது? யாரு கை வெச்சா இதுல?”

“தெரியாது மாமா” என்றேன்.

அவர்தான் சொன்னார். மேல்குரல் பாடுகிறவர்கள் இடப்பக்க மைக் அருகில் நின்றார்களாம். இரண்டாம் குரலில் பாடிய அக்கா வலப்பக்க மைக்குக்கு நேராக நின்றாளாம். வலது காதில் மட்டும் வைத்துக் கேட்டால் கூட்டமெல்லாம் தூரத்தில் போய்விட, அக்கா குரல் தனியாகக் கேட்குமாம். “அதுக்குத்தான் அவ அப்படியே கேப்பா” என்றார். அவருடைய ரெக்கார்டரில் அதற்குள் வேறு பாட்டுகள் ஏறிவிட்டிருந்தன. இருபது குரலுக்குள் அவளைத் தேடித்தேடி நான் இன்றுவரை கேட்டுப் பார்க்கிறேன். கிடைக்கவில்லை. பாவி நான்.

நான் அக்காவிடம் எல்லாவற்றையும் ஒப்பித்த அன்றைக்கு, எங்கள் தெருமுனையில் ஆட்டோவை விட்டு இறங்கியதும் அக்கா பிளேயரை என் கையில் வைத்தாள்.

“இனிமே நீயே வெச்சுக்கோடி.”

கெட்டிக்காரத்தனத்துக்குக் கிடைத்த பரிசு என்று நினைத்தேன். அடுத்த சனிக்கிழமை அவள் மெஷினோடு படுத்திருந்த நேரம் முழுக்க, வெளியே பெஞ்சில் உட்கார்ந்து நான் பாட்டுக் கேட்டேன். நடுவில் ஒரு தடவை எழுந்து போய், கண்ணாடி வழியாக அவளுக்குப் பிளேயரைத் தூக்கிக் காட்டிக் கையும் அசைத்தேன்.