மாமா வளர்த்த கொசுக்கள்

என் மாமாவை, அதாவது அம்மாவின் தம்பியை, இப்போது பெரிய விஞ்ஞானி என்கிறார்கள். மலேரியாவுக்குத் தடுப்பூசி வேண்டும் என்று ஆயுசு முழுக்க ஆராய்ச்சிக்கூடத்தில் தவம் கிடந்தவர். அவர் போய்ப் பேசாத மேடையில்லை, காலில் விழாத குறையாகக் கெஞ்சாத மந்திரியில்லை. எல்லாம் சரிதான். எட்டு வயதில் அவரைப் பார்த்து எனக்குப் பிடித்த திகில் இன்னும் முழுசாக விட்டபாடில்லை.

மலாய் நாட்டுக்கு மெர்டேக்கா, அதாவது சுதந்திரம், கிடைத்த ஆண்டு அது. லீவுக்கு எங்கள் காஜா பெராங் தெரு வீட்டுக்கு வந்த மாமா, பலகாரத்துக்குக் காத்திருந்த என்னிடம் வலை அடித்த மரப்பெட்டி ஒன்றைக் காட்டினார். உள்ளே கொசுக்கள். நூற்றுக்கணக்கில்! ஆராய்ச்சிக்கூடத்தைப் பூட்டிவிட்டார்களாம், தீனி போட ஆளில்லையாம். ஊரே கொசுவத்தி கொளுத்திக்கொண்டிருக்க, பஸ் ஏற்றிக் கொசுவைக் கூட்டிவந்த மனிதர் அவர் ஒருவர்தான்.

மறுநாள் அந்தியில் அவர் அறையை எட்டிப் பார்த்தேன். பெட்டியில் தைத்திருந்த துணிக்குழாய் வழியாகக் கையை முழங்கைவரை உள்ளே விட்டபடி பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். கை தெரியவில்லை, அவ்வளவு கொசு.

“பசியாறுதுங்க பாப்பா, சத்தம் போடாத,” என்றார்.

அங்கிருந்து ஓடிவந்துவிட்டேன். கண்ணெதிரே மாமாவைக் கொசு தின்கிறதே!

அதற்கடுத்த நாள் வெள்ளிக்கிழமை. வெள்ளி அந்தியில் எங்கள் வீட்டில் அறை அறையாகச் சாம்பிராணி காட்டுவார்கள். தூபக்காலைத் தூக்குவது என் வேலை. மூலை முடுக்கு விடாமல் காட்டச் சொன்னார் அம்மா. மாமா குளிக்கப் போயிருந்தார். நான் தூபக்காலை அந்தப் பெட்டிக்கு அடியிலேயே வைத்து, கூட இரண்டு பிடி சாம்பிராணியும் போட்டு, கதவைச் சாத்திவிட்டு வந்தேன். மாமாவைக் காப்பாற்றிவிட்ட பெருமை வேறு எனக்கு.

மாமா திரும்பிவந்து கதவைத் திறந்தபோது அறையே தெரியவில்லை. புகை கலைந்ததும் பார்த்தால், பெட்டிக்குள் கொசுக்கள் கருப்பாகக் கொட்டிக் கிடந்தன. அவர் அப்படியே தரையில் உட்கார்ந்து தேம்பித் தேம்பி அழுதார். கொசுவுக்காக ஓர் ஆம்பிளை அழுவாரா!

அம்மா ஓடிவந்தார். “சனியன் தொலைஞ்சிச்சுன்னு விடு தம்பி. கொசுவுக்குப் போயி யாராச்சும் அழுவாங்களா?”

“ஆறு மாசமா முட்டையிலேருந்து வளத்தேன்க்கா. இதுங்க இருந்தாத்தான் அந்தக் காய்ச்சலுக்கு ஊசி கண்டுபிடிக்க முடியும்.”

“எந்தக் காய்ச்சலுக்கு?”

“நம்ம எஸ்டேட்டுக் காய்ச்சலுக்குத்தான்.”

அம்மாவின் முகம் செத்துப்போனது. எனக்கு இன்றைக்கு முதுகு பிய்ந்தது என்று நினைத்தேன். ஆனால் அவர் என் பக்கம் திரும்பவேயில்லை.

“மிச்சம் ஏதாச்சும் இருக்கா?”

ஈரப்பஞ்சு வைத்திருந்த மூலையில் பத்துப் பதினைந்து தள்ளாடிக்கொண்டிருந்தன.

“இப்ப ரத்தம் குடிச்சா முட்ட போடும். மறுபடி பெருக்கிடலாம்,” என்று மாமா சட்டைக்கையைச் சுருட்டினார். இரண்டு கையும் தடித்து வீங்கியிருந்தன.

“நகரு,” என்றார் அம்மா.

“அக்கா, நோயில்லாத கொசுதான். ஆனா ரொம்ப அரிக்கும்.”

“அரிச்சா அரிச்சிட்டுப் போவுது.”

வளையல்களைக் கழற்றி வைத்துவிட்டு, அம்மா கையைப் பெட்டிக்குள் விட்டார். நான் வீரிட்டேன். சத்தம் கேட்டுச் சன்னலுக்கு வந்த, தலைமுறைகளாக மலாயே பேசும் பக்கத்து வீட்டுச் செட்டி மாமி, இந்த வீட்டுக்கே பைத்தியம் பிடித்துவிட்டது என்று மலாயில் கத்தினார். அம்மா அசையவில்லை. கொசுக்கள் ஒவ்வொன்றாக வந்து உட்கார்ந்தன.

“குடிங்க,” என்றார். “நல்லா குடிங்கடா தங்கம்.” கன்னத்தில் கண்ணீர் வழிந்துகொண்டிருந்தது.

எனக்கு முன்னால் ஓர் ஆண்பிள்ளை பிறந்ததும், ரப்பர் எஸ்டேட்டில் அந்தக் காய்ச்சல் வந்து மூன்றே நாளில் அவன் போய்ச் சேர்ந்ததும், எனக்குக் கல்யாணம் நிச்சயமான பிறகுதான் மாமா சொல்லித் தெரியும். அன்றைக்கு அதெல்லாம் எனக்கென்ன தெரியும்? என்னை ஒருநாளும் இப்படித் தங்கம் என்று கூப்பிட்டு ஊட்டியதில்லையே என்று, அந்தக் கொசுக்கள்மேல் பொறாமைப்பட்டு அழுதுகொண்டிருந்தேன்.