நாலடிக்கு ஐந்தடி சேற்றறை

ஹோலிஸ் பாட்வின் நாற்பத்தோரு வருஷம் எங்கள் ஊரின் மண் ரோடுகளைச் சமன் செய்யும் வண்டியை ஓட்டினான். ஏப்ரலில் பனி உருகி ரோடெல்லாம் களியாகக் குழையும்போது யார் கார் எந்தப் பள்ளத்தில் புதைந்தாலும் திட்டு அவனுக்குத்தான். மார்ச் மாத ஊர்க்கூட்டத்தில் அவனை வறுத்தெடுக்காவிட்டால் பாதிப் பேருக்குச் சாப்பாடு இறங்காது. அப்படி ஊரையே மட்டம் பார்த்த மகானால், தன் வீட்டுப் பின்வாசலில் நாலடிக்கு ஐந்தடி இடத்தை ஒழுங்குபடுத்த முடியவில்லை.

அந்த இடத்துக்குச் சேற்றறை என்று பெயர். வெளியிலிருந்து வருகிறவர்கள் பூட்ஸையும் கோட்டையும் சேற்றையும் அங்கேயே விட்டுவிட்டு, காலுறையோடு சமையலறைக்குள் போக வேண்டும். ஹோலிஸின் சேற்றறையில் சேற்றுக்கு மட்டும் ஒரு குறையும் இல்லை. அதன்மேல் பதினோரு பூட்ஸ், மேப்பிள் மரத்தில் சாறு பிடிக்கும் வாளி முப்பது, செத்துப்போன டிராக்டர் பேட்டரி, முளைவிட்ட உருளைக்கிழங்கு மூட்டை, விறகு. பதினோரு பூட்ஸில் ஏழு இடது காலுக்கானவை.

"ஏன்யா, ஒரு இடது கால்தானே உனக்கு? ஏழு பூட்ஸ் எதுக்கு?" என்று ஒருநாள் கேட்டேன்.

"வண்டி மிதிச்சு மிதிச்சு வலதுதான் கிழியுது வின்னி. அதுக்கு இதுங்க என்ன பாவம் பண்ணிச்சு?"

நானும் அவனும் ஒரே பள்ளிக்கூடம். இப்போது எதிரெதிர் வீடு. அவன் பெண்டாட்டி போய்ச் சேர்ந்து ஆறு வருஷமாகிறது, அதிலிருந்து அவனைத் திட்டும் பொறுப்பு என் தலையில் விழுந்துவிட்டது. ஜனவரியில் அந்தப் பாவமறியாத பூட்ஸ்களில் ஒன்று அவன் காலை வாரிவிட்டது. இடுப்பெலும்பில் விரிசல். மூன்று மணி நேரம் வாளிகளுக்கு நடுவில் கிடந்திருக்கிறான். நான் போய்க் கதவைத் தள்ளினால், "மெதுவா தள்ளு, என் தலை அங்கதான் இருக்கு" என்கிறான்!

பாஸ்டனிலிருந்து மகள் கொலெட் வந்தாள். இருபது வருஷமாக அங்கே பெரிய வேலையில் இருக்கிறாள், ஊருக்கு வருவது அத்தி பூத்தமாதிரி. ஆஸ்பத்திரிக் கட்டிலின் பக்கத்தில் நின்று தீர்ப்புச் சொன்னாள்.

"அப்பா, எங்க வீட்டுப் பக்கத்துல முதியோர் இல்லத்துல பேர் எழுதி வச்சிட்டேன். மே ஒண்ணாம் தேதி ரூம் காலியாகுது."

"நான் காலியாகலியே இன்னும்."

"ஏப்ரல் கடைசியில வந்து பாப்பேன். அந்தப் பின்வாசல்ல ஒரு மனுஷன் விழாம உள்ள வர முடியும்னா இங்கேயே இருங்க. இல்லேன்னா மூட்டை கட்டுங்க."

ஹோலிஸ் என்னைப் பார்த்தான். எந்த வாத்தியாரிடமும், எந்த ஊர்க்கூட்டத்திலும் பயப்படாதவன் முகத்தில் அன்றுதான் பயத்தைப் பார்த்தேன். அவன் போய்விட்டால் நான் யாரைத் திட்டுவது?

மார்ச்சில் கைத்தடியோடு வேலையை ஆரம்பித்தான். முதல் சண்டை கதவுக்கு. வெளிக்கதவும் சமையலறைக் கதவும் இரண்டுமே சேற்றறைக்குள்தான் திறக்கும், ஒன்று மற்றதன் மூக்கில் இடிக்கும். நடுவில் மனிதன் நிற்க இடமில்லை.

"வெளிக்கதவை வெளிப்பக்கம் திறக்குற மாதிரி மாத்து" என்றேன்.

"ராத்திரி நாலடி பனி கொட்டினா? உள்ளேயே எனக்குச் சமாதி கட்டப் பாக்கறியா, தாயே?"

"அப்ப சமையலறைக் கதவை அந்தப்பக்கம் திருப்பு."

"அங்க என் நாற்காலி இருக்கு."

"நாற்காலிக்கு வேர் விட்டிருக்கா?"

முப்பது வருஷமாக அங்கே இருந்த நாற்காலி. இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. மூன்றாம் நாள் போய்ப் பார்த்தால் நாற்காலி ஜன்னலோரம் போயிருந்தது, கதவு திருப்பி மாட்டியிருந்தது. தானாகவே தோன்றிய யோசனைபோல அதை எனக்கே விளக்கிச் சொன்னான்.

பிறகு பெஞ்சு. கடையில் விற்பதெல்லாம் குட்டை, இடுப்பு ஒடிந்தவன் உட்கார்ந்தால் எழுப்ப ஆள் வேண்டும். வீட்டிலிருந்த ஒவ்வொன்றின் மேலும் உட்கார்ந்து எழுந்து பார்த்து, கடைசியில் விறகுப்பெட்டிதான் சரியான உயரம் என்று கண்டுபிடித்தான். அதே உயரத்துக்குப் பெஞ்சு அடித்தான். பலகையைத் தூக்கினால் உள்ளே தொப்பி, கையுறை. காலடியில் தகரத் தட்டு, அதில் ஓடைக் கூழாங்கல், பூட்ஸ் மேலே நிற்கும், சேற்றுத் தண்ணீர் கீழே வடியும். குனியாமல் பூட்ஸ் கழற்ற, குதிகாலைச் செருகி இழுக்கும் கவட்டைப் பலகை ஒன்றைத் தரையோடு திருகினான். எழுந்து நிற்கப் பிடித்துக்கொள்ள, சுவரில் பழைய மண்வெட்டிக் காம்பு. கோட்டுக்குக் கொக்கிகள் நாலே நாலு. சொல்லக்கூடாது, நன்றாகவே இருந்தது. அவனிடம் சொல்லவில்லை.

சரி, அங்கே இருந்த சாமானெல்லாம் எங்கே? ஏழு இடது கால்களையும் தூக்கிப் போட அவனுக்கு மனசு வரவில்லை. எல்லாவற்றையும் முன்கதவுக்குப் பின்னால் கூரைவரை அடுக்கினான். கூடமாட எடுத்துக் கொடுத்தது இந்தப் புத்திசாலிதான். எங்கள் பக்கத்தில் முன்கதவை யார் திறக்கிறார்கள்? சவப்பெட்டி போகும், எதையாவது விற்கிறவன் வருவான். வீட்டு மனிதர்கள் எல்லாம் பின்வாசல்தான். அதனால் எங்கள் இருவர் மூளைக்கும் ஒன்றும் உறைக்கவில்லை.

ஏப்ரல் இருபத்தெட்டு. காலை பத்து மணி. புது பெஞ்சையே பார்த்துக்கொண்டு காபியோடு உட்கார்ந்திருக்கிறோம். முன்கதவு தட்டப்பட்டது.

"யாரோ செத்துட்டாங்க" என்றான் ஹோலிஸ்.

மறுபடி தட்டல். பிறகு யாரோ தோளால் முட்டித் தள்ளினார்கள். பார்க்க வேண்டுமே அந்தக் கண்கொள்ளாக் காட்சியை! முப்பது வாளியும் இடிமாதிரி சரிந்தன, பேட்டரி உருண்டது. கையகல இடைவெளி வழியாக ஒரு இடது கால் பூட்ஸ் வெளியே போய் விழுந்தது.

"அப்பா! இதுதான் நீங்க ஒழுங்கு பண்ணின லட்சணமா?"

கொலெட்! வெள்ளை ஷூ நனையக்கூடாதென்று ரோட்டோரம் காரை நிறுத்திவிட்டு, கல் பாவிய முன்பக்கம் வந்திருக்கிறாள். ஹோலிஸின் முகம் வெளுத்துவிட்டது. எனக்கு அவனைப் பார்க்கவும் முடியவில்லை, வாளிகளைப் பார்த்துச் சிரிக்காமலும் இருக்க முடியவில்லை.

"பின்பக்கமா வா" என்றான்.

"அங்க முழங்கால் வரைக்கும் சேறு!"

"பின்ன எதுக்கு ரெண்டு மாசமா ரூம் கட்டியிருக்கேன்?"

திட்டிக்கொண்டே வீட்டைச் சுற்றி வந்தாள். நடுவில் ஒரு அலறல், அத்தோடு ஒரு ஷூ சேற்றுக்குள் போய்விட்டது. மற்றதோடு வெளிக்கதவைத் திறந்தாள். பெஞ்சில் பொத்தென்று உட்கார்ந்தாள். மிச்சமிருந்த ஷூவைக் குனியாமல் கவட்டையில் செருகி இழுத்துத் தட்டில் விட்டாள், சேற்றுக் காலுறையை உருவிப் போட்டாள், காம்பைப் பிடித்து எழுந்தாள். கை தானாகப் போய்க் கோட்டைக் கொக்கியில் மாட்டியது. வாய் மட்டும் நிற்கவில்லை. சமையலறைத் தரையில் வெறுங்காலோடு நின்ற பிறகுதான் திரும்பிப் பார்த்தாள். தரையில் ஒரு பொட்டுச் சேறு இல்லை.

ஹோலிஸ் பூட்ஸை மாட்டினான், கைத்தடி இல்லாமல் வெளியே போனான், திரும்பி வந்தான், உட்கார்ந்தான், கழற்றினான், எழுந்தான்.

அவள் எட்டிச் சுவரிலிருந்த காம்பை ஒருதரம் இழுத்துப் பார்த்தாள். பிறகு, "இது சரி. ஆனா முன்பக்கம் அந்தக் குப்பை? யாராவது வந்தா?"

"அங்க யாரு வருவா?"

"நான் வந்தேனே!"

"வீட்டு ஆளுங்க அந்தப் பக்கமா வரமாட்டாங்க, கொலெட்."

கோபமாகச் சொல்லியிருந்தால் அவள் பதில் வைத்திருப்பாள். அவன் சும்மா, வழி கேட்டவருக்குச் சொல்கிற மாதிரி சொன்னான். அவள் கண் நிறைந்துவிட்டது. எனக்கும்தான், ஆனால் நான் கெட்டிக்காரி, காபி சுடுகிறது என்றேன்.

மூக்கை உறிஞ்சிக்கொண்டே முதியோர் இல்லத்துக்குப் போன் போட்டு ரூம் வேண்டாம் என்றாள். "ஆனா அந்த முன்பக்கத்தை நீங்க..."

"மே மாசம்" என்றான். எந்த வருஷத்து மே என்று சொல்லவில்லை.

போகும்போது காலில் போட்டுக்கொள்ள ஏதாவது வேண்டுமே. ஏழு இடது காலுக்கு அன்றைக்கு வந்தது யோகம்! அதில் ஒன்றையும், அவன் இப்போது போடுகிற வலது கால் பூட்ஸையும் மாட்டிக்கொண்டு தாங்கித் தாங்கிக் காருக்குப் போனாள். "அடுத்த வாரம் கொண்டுவந்து தரேன்" என்று கத்தினாள். நான் நம்பவில்லை.

ஞாயிற்றுக்கிழமை நானும் ஹோலிஸும் சமையலறையில் இருந்தோம். ரோட்டோரம் கார் நிற்கும் சத்தம் கேட்டது. அவன் முன்கதவுப் பக்கம் தலையைத் திருப்பி அப்படியே உட்கார்ந்திருந்தான். கை கோப்பையை விடவில்லை. சேற்றில் சளக் சளக்கென்று நடை வீட்டைச் சுற்றி வந்தது. பின்கதவு தட்டப்படாமலே திறந்தது. பெஞ்சு முனகியது, கவட்டைப் பலகை இரண்டு தரம் தடக் தடக்கென்றது.

"இன்னொரு கோப்பை எடு வின்னி" என்றான். "கொலெட் வந்துட்டா."